விதைகளை எண்ணியது யார்? ஒரு படக்கதையை ஒட்டிய கைவேலையும் கணக்கும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு வயது முடிந்து ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்த 22 குழந்தைகள் கொண்ட ஒரு மழலையர் வகுப்பில், ஒரு படக்கதைப் புத்தகத்தை மையமாக வைத்து நான்கு வாரங்கள் நடத்திய கைவேலைகளையும் கணக்குச் செயல்பாடுகளையும் பற்றிய பதிவு இது. வகுப்பாசிரியை நான், என்னுடன் உதவி ஆசிரியை ஒருவர் இருந்தார். பத்து வரையிலான எண்ணிக்கையைக் குழந்தைகள் வெறும் பாட்டாகச் சொல்லாமல், கேட்ட அளவுக்குப் பொருள்களை எடுத்துத் தரவும் பழக வேண்டும் என்பது அந்தப் பருவத்துக்கு நாங்கள் வைத்திருந்த குறிக்கோள். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இருபது வரை தடங்கலின்றிச் சொன்னார்கள். ஆகவே இந்தக் குறிக்கோள் எளிதாகவே கைகூடும் என்று நம்பினோம்.

எடுத்துக்கொண்ட கதை எளியது. மழைக்கு முன் ஓர் அணில் தன் மரப்பொந்தில் விதை சேர்க்கிறது; முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாள் ஐந்து விதைகளைக் கொண்டுவருகிறது; மழை பிடித்துக்கொண்டதும் சேர்த்த விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து உண்கிறது. எண்ணிக்கையைக் கதையே கேட்பதுதான் இதைத் தேர்ந்ததற்குக் காரணம். அணிலுக்கு எத்தனை விதை என்ற கேள்வி ஆசிரியையின் கேள்வியாக அல்லாமல் அணிலின் தேவையாகவே குழந்தைக்குத் தோன்றும் என்று எண்ணினோம். அந்த எண்ணம் தவறாகப் போகவில்லை. தவறியது வேறோர் இடத்தில்.

முதல் வாரம்: அழகான சுவர்

முதல் நாள் கதையைப் படித்தோம். மூன்றாம் நாள் கைவேலை. அதற்கு முந்தைய மாலை, உதவி ஆசிரியையும் நானும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து 22 அணில்களையும் 22 மரப்பொந்துகளையும் வண்ணத்தாளில் வெட்டினோம்; அட்டையில் வட்டமாக விதைகளை வெட்டி, ஓர் உறையில் பதினைந்து வீதம் எண்ணிப் போட்டோம். வெறும் வட்டங்களாக இருக்கின்றனவே என்று உதவி ஆசிரியை ஒவ்வொரு விதைக்கும் கண்ணும் வாயும் வரைந்தார். உண்மையான விதைகளைப் பயன்படுத்தும் யோசனையை மட்டும் தொடக்கத்திலேயே கைவிட்டோம்; மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் சிறு பொருள்களைத் திணித்துப் பார்க்கும் வயது அது.

கைவேலை நாற்பது நிமிடம் நடந்தது. குழந்தைகள் ஆர்வமாக ஒட்டினார்கள். வார இறுதியில் 22 அணில்களும் சுவரில் வரிசையாக ஏறின; ஒன்றையொன்று அச்சில் வார்த்தது போல இருந்தன. பார்க்க வந்த பெற்றோரும் பிற வகுப்பு ஆசிரியைகளும் பாராட்டினார்கள். எங்களுக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அந்த நாற்பது நிமிடத்தில் தன் காதில் விழுந்த எண் சொற்களை உதவி ஆசிரியை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். பிறகு அதைப் பார்த்தபோது, பெரும்பாலான எண் சொற்களைச் சொன்னவள் நானாகவே இருந்தேன். குழந்தைகள் பேசியது பசையைப் பற்றியும் விதைகளின் முகங்களைப் பற்றியும்தான். "இது அம்மா விதை, இது பாப்பா விதை" என்று இரு சிறுமிகள் நெடுநேரம் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு என்ற அளவில் அது மிக நல்ல விளையாட்டு. எண்ணிக்கைக்கு அதில் இடமில்லை.

கவனித்தவை

இரண்டாம் வாரத்தின் முதல் இரண்டு நாட்களில் ஒவ்வொரு குழந்தையையும் தனியாக அழைத்து, பதினைந்து வெறும் அட்டை வட்டங்கள் இருந்த கிண்ணத்தைக் காட்டி, அணிலுக்கு இரண்டு விதை, பிறகு மூன்று, பிறகு ஐந்து கொடுக்கச் சொன்னோம். ஐந்தைச் சரியாக எடுத்துக் கொடுத்தவர்கள் 9 பேர். இரண்டும் மூன்றும் சரியாக வந்து, ஐந்து என்றதும் கை கொண்ட மட்டும் அள்ளியவர்கள் 8 பேர். மற்ற 5 பேர் மூன்றுக்கே அள்ளிக் கொடுத்தார்கள்.

இப்படிக் கேட்டுப் பார்க்கும் வழி எங்கள் கண்டுபிடிப்பன்று. எண் வரிசையைச் சரளமாகச் சொல்லும் குழந்தைகளிடமும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொருள்களைக் கேட்டால் ஒரு பிடி அள்ளிக் கொடுப்பதுண்டு என்பதை உளவியலாளர் கேரன் வின் 1990இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அதற்கு முன்பே, 1978இல், உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மனும் சி. ஆர். கலிஸ்டலும் எண்ணுதலை ஐந்து விதிகளாகப் பிரித்திருந்தார்கள்: ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்களின் மாறாத வரிசை, கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தம், எதையும் எண்ணலாம், எங்கிருந்து வேண்டுமானாலும் எண்ணலாம். எங்கள் குழந்தைகளில் பலரிடம் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. ஒரு சிறுவன் ஐந்து வட்டங்களை விரல் வைத்துப் பிழையின்றி எண்ணினான். "அப்படியென்றால் மொத்தம் எத்தனை?" என்று கேட்டதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் முதலிலிருந்தே எண்ணினான். அவனுக்கு "எத்தனை" என்ற கேள்வி, "எண்ணு" என்ற கட்டளையாகவே கேட்டிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு சுவரில் இருந்த அணில்களைப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. ஒவ்வொரு பொந்திலும் பிழையின்றிப் பதினைந்து விதைகள் இருந்தன; ஆனால் அவற்றை எண்ணியவர்கள் நாங்கள் இருவரும்தான், அதுவும் முந்தைய மாலையிலேயே. உறையில் இருந்ததை எல்லாம் ஒட்டுவதற்கு எண் எதுவும் தேவைப்படவில்லை. பொந்தில் நாள்வாரியாக நாங்கள் வரைந்து வைத்திருந்த வட்டங்களின் மேல் விதைகளை வைத்துக்கொண்டே போனால் போதுமானதாக இருந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, விதைகளை முன்கூட்டியே எண்ணிக் கொடுப்பதில்லை என்பது. இது மட்டும் போதாது என்பது பேசும்போதே விளங்கியது. விதைத் தட்டு மேசையிலேயே இருந்தால், குழந்தை ஒரு வட்டத்தைப் பார்த்து ஒரு விதையை எடுத்து வைத்து, அடுத்த வட்டத்துக்கு அடுத்த விதையை எடுத்து வைத்து, எண்ணாமலே வேலையை முடித்துவிடும். ஆகவே தட்டை வகுப்பின் மறு கோடியில் வைத்தோம். மேசையிலிருந்து பார்த்தால் தட்டு தெரியாது. தட்டருகே நின்றால் பொந்து தெரியாது. வட்டத்துக்கு ஒன்று வீதம், கூடாமலும் குறையாமலும், ஒரே நடையில் கொண்டுவர வேண்டும். பிரெஞ்சுக் கணிதக் கல்வியாளர் கி புரூசோவின் மரபில் இதற்கு இணையான ஒரு செயல்பாடு உண்டு: வண்ணக் கிண்ணங்கள் ஓரிடத்திலும் தூரிகைகள் வேறிடத்திலும் இருக்க, கிண்ணத்துக்கு ஒரு தூரிகை வருமாறு ஒரே முறையில் எடுத்துவர வேண்டும். நடுவில் உள்ள தூரந்தான் அங்கே எண்ணுக்கு வேலை கொடுக்கிறது. கண்ணுக்கு எதிரே இல்லாத அளவைத் தலையில் சுமந்து செல்ல எண்ணைவிட நல்ல கருவி இல்லை என்பதைக் குழந்தை தானாகக் கண்டுகொள்ளும்படி அது அமைந்திருக்கிறது.

இரண்டாவது முடிவு, விதைகளுக்கு முகம் வரைவதில்லை என்பது. இதில் உதவி ஆசிரியைக்கு மனத்தாங்கல் இருந்தது. அழகற்ற வட்டங்களைக் குழந்தைகள் ஏன் தொட வேண்டும் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆனால் உளவியல் ஆய்வாளர்கள் டேவிட் உட்டல், கேத்ரின் ஸ்கட்டர், ஜூடி டிலோச் ஆகியோர் 1997இல் எழுதிய கட்டுரை ஒன்று, கணக்குக்கான பொருள் தன்னளவிலேயே கவர்ச்சியாக இருக்கும்போது, அது வேறொன்றைக் குறிக்கும் குறியீடு என்று பார்ப்பது சிறு குழந்தைக்குக் கடினமாகிறது என்று வாதிடுகிறது. அம்மா விதையும் பாப்பா விதையும் நடத்திய குடும்பத்தை நாங்கள் நேரிலேயே பார்த்திருந்தோம். இறுதியில், அணிலுக்கு வேண்டிய மட்டும் அலங்காரம் செய்யலாம், விதைகள் வெறுமையாகவே இருக்கட்டும் என்று உடன்பட்டோம்.

மூன்றாவது, நேரத்தைப் பற்றியது. வண்ணம் தீட்டும் நாளில் வண்ணம் மட்டும் தீட்டுவது, அப்போது "எத்தனை கால், எத்தனை காது" என்று துளைத்தெடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். கதை படிப்பதற்கும் இதே விதி பொருந்தியது. முதல் வாசிப்பு நிறுத்தமின்றி முழுமையாக. கேள்விகள் எல்லாம் மறு வாசிப்பில். ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி எண்ணச் சொன்னால், அணில் நனையுமா நனையாதா என்று பதைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு நாம் செய்வது தொல்லைதான்.

சுவரைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. இனி ஒட்டப்படுபவை ஒன்றுபோல் இரா, சில கோணலாகவும் சில அரைகுறையாகவும் இருக்கும் என்று தலைமையாசிரியையிடம் முன்கூட்டியே சொன்னோம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்தக் குழந்தை சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதி வைக்கும்படி அவர் யோசனை சொன்னார், அதை ஏற்றோம்.

இரண்டாம் வாரம்: தட்டுக்கும் மேசைக்கும் இடையே

தட்டைத் தள்ளி வைத்த முதல் நாள் குழப்பமாகவே கழிந்தது. ஒரே நேரத்தில் பதினோரு பேரைத் தட்டுக்கு அனுப்பியது எங்கள் தவறு, தட்டு கவிழ்ந்தது. மறுநாள் முதல் நால்வர் நால்வராக அனுப்பினோம். மற்றவர்கள் அணிலுக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சினாலோ குறைந்தாலோ கொண்டுவந்த எல்லா விதைகளையும் தட்டில் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி போகலாம் என்று ஒரு விதி வைத்தோம். ஒரே ஒரு விதை குறைந்தால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவர விடாததற்குக் காரணம் இருந்தது. அப்படி விட்டால் குழந்தை அள்ளி வந்துவிட்டுப் பின்னர் சரிசெய்துகொள்ளும். முதலிலேயே எண்ண வேண்டிய தேவை எழாது.

இந்த வாரத்தில் பார்த்தவற்றை நான் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறேன், ஏனெனில் நாங்கள் சொல்லிக் கொடுக்காத வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. ஐந்து வட்டங்களுக்கு ஏழு விதைகளைக் கொண்டுவந்த ஒரு சிறுமி, மிஞ்சிய இரண்டைப் பார்த்து "நிறைய வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, அவற்றை ஏற்கெனவே வைத்த விதைகளின் மேலேயே அடுக்கினாள். ஒரு சிறுவன் "நாலு, நாலு, நாலு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். வழியில் தோழன் எதையோ கேட்க, எண் போய்விட்டது. திரும்பி வந்து வட்டங்களை மறுபடி எண்ணிக்கொண்டு, இம்முறை யாருக்கும் பதில் சொல்லாமல் நடந்தான். இன்னொரு சிறுமி வட்டங்களின் மேல் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, மூன்று விரல்களை நீட்டியபடியே தட்டு வரை போய், விரலுக்கொரு விதை எடுத்து வந்தாள். எண் சொல் எதையும் அவள் உச்சரிக்கவில்லை. ஆயினும் அளவை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சரியாகக் கொண்டுசென்றாள். அவளைப் பார்த்து அன்றைக்கே நான்கைந்து பேர் விரல் நீட்டி நடக்கத் தொடங்கினார்கள்.

மூன்றாம் நாள் இரு பொந்துகளுக்கும் சேர்த்து விதை கொண்டுவரச் சொன்னோம். ஒன்றில் ஐந்து வட்டம், மற்றதில் மூன்று. விரலை நீட்டிக்கொண்டு போனால் கை இரண்டும் நிரம்பிவிடும், விதையை எதனால் எடுப்பது? ஒரு சிறுவன் துண்டுத்தாளும் கிரேயானும் கேட்டான். வாங்கி ஐந்து கோடுகளையும், சற்றுத் தள்ளி மூன்று கோடுகளையும் போட்டுக்கொண்டு போனான். அடுத்த நாள் ஏறக்குறைய எல்லோரும் சீட்டு கேட்டார்கள். சிலர் விதைகளை அப்படியே வட்டமாக வரைந்தார்கள். சிலர் கோடு போட்டார்கள். ஒருவன் 3 என்ற இலக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதியிருந்தான், ஆனால் மூன்று விதைகளைத்தான் கொண்டுவந்தான். அதற்கு முன் பல வாரங்கள் இலக்கங்களைப் புள்ளி வைத்த கோட்டின் மேல் எழுதப் பழக்கியிருந்தோம். இலக்கம் எதற்கு என்ற கேள்விக்கு அந்தப் பயிற்சித்தாள்கள் விடை தந்ததாக எனக்கு நினைவில்லை.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. கைவேலையில் மிகுந்த நாட்டமுள்ள ஒரு சிறுவன் இரண்டாம் நடைக்குப் பிறகு உட்கார்ந்துவிட்டான். "எனக்கு ஒட்டணும், நடக்க வேணாம்" என்றான். அவனை வற்புறுத்தவில்லை.

மூன்றாம் வாரம்: படிக்கட்டு

கதையின் ஐந்து நாட்களையும் ஐந்து நிமிர்ந்த பட்டைகளாக அமைத்து, ஒவ்வொரு பட்டையிலும் அந்த நாளின் விதைகளை ஒட்டினால் ஒரு படிக்கட்டு வரும். ஒவ்வொரு நாளும் ஒன்று கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பது திட்டம். வெற்றுத்தாளைக் கொடுத்தோம். சில குழந்தைகள் விதைகளை நெருக்கியும் சிலர் விரல் அகல இடைவெளி விட்டும் ஒட்டினார்கள். விளைவாக, பல தாள்களில் நான்கு விதைகள் உள்ள பட்டை ஐந்து விதைகள் உள்ளதைவிட உயரமாக நின்றது. எந்த நாளில் அதிக விதை என்று கேட்டால், சற்று முன் தாங்களே எண்ணி வைத்த குழந்தைகளும் உயரமானதையே காட்டினார்கள். ஒரு வரிசையை இடைவெளி விட்டு நீட்டினால் அதில் பொருள் கூடிவிட்டதாக இந்த வயதுக் குழந்தைகள் சொல்வதைக் குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். அதைப் படித்திருந்தும் வெற்றுத்தாளை நீட்டியது எங்கள் கவனக்குறைவு.

மறுநாள் சம அளவில் கட்டம் போட்ட பட்டைகளைத் தயாரித்தோம். கட்டத்துக்கு ஒரு விதை. படிக்கட்டு சரியாக வந்தது. ஆயினும் பழைய தாள்களை எறியவில்லை. இரண்டை எடுத்து, புதிய பட்டைகளின் அருகே மாட்டி, ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டோம். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுமி, "அது தள்ளித் தள்ளி உக்காந்திருக்கு, அதனால ஒசரம்" என்றாள். எத்தனை பேருக்கு அது புரிந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் அன்று பிற்பகல் இருவர் தாமாகவே பழைய தாளுக்குப் போய் விதைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கதையில் இல்லாத ஆறாம் நாளைப் பற்றியும் கேட்டோம். "ஆறு. ஒண்ணு ஒண்ணா ஏறிட்டே போகுது" என்று ஒரு சிறுவன் சொன்னான். இன்னொருவன், அணிலுக்குக் கை வலிக்கும், அது ஓய்வெடுக்கும் என்றான். இரண்டு வாக்கியங்களும் சுவரில் ஏறின.

நான்காம் வாரம்: பசை

கதையின் முடிவில் அணில் விதைகளை எடுத்து உண்கிறது. ஐந்திலிருந்து ஒன்றை எடுத்தால் மிச்சம் எத்தனை என்று பார்ப்பதற்காகக் குழந்தைகளை அவரவர் பொந்துகளோடு உட்கார வைத்த பிறகுதான், எல்லா விதைகளும் ஒட்டப்பட்டிருப்பதை நாங்கள் உணர்ந்தோம். மூன்று வாரமாகப் பசையோடு புழங்கிய எங்கள் இருவருக்கும் அது முன்னரே தோன்றவில்லை. ஒரு குழந்தை நகத்தால் விதையைப் பெயர்க்க முயன்று பொந்தையும் சேர்த்துக் கிழித்தது. ஒட்டிவிட்ட விதையைக் கூட்டவும் முடியாது, எடுக்கவும் முடியாது. இடம் மாற்றி அடுக்கி, அப்போதும் ஐந்துதானா என்று பார்க்கவும் முடியாது. பசை காய்ந்ததோடு கணக்கும் முடிந்துவிட்டிருந்தது.

அடுத்த இரண்டு நாட்களில் ஒரு தாளைப் பாதியாக மடித்து இரு ஓரங்களையும் ஒட்டிப் பை போலச் செய்து, முகப்பில் மரத்தை வரையச் சொன்னோம். விதைகள் உள்ளே ஒட்டாமல் கிடந்தன. ஒருவர் விதைகளை எடுக்க, மற்றவர் பார்க்காமல் மிச்சத்தைச் சொல்லும் விளையாட்டு அதிலிருந்து வந்தது. அதற்கு நேரம் போதவில்லை.

விளைவு

நான்காம் வாரத்தின் கடைசி நாளில், அதே கிண்ணம், அதே வட்டங்கள், அதே கேள்வி. இம்முறை 17 பேர் ஐந்தைச் சரியாகக் கொடுத்தார்கள். 3 பேருக்கு மூன்று வரை வந்தது. 2 பேர் இன்னும் அள்ளினார்கள். "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிய அந்தச் சிறுவன், ஐந்தை எண்ணி முடித்து, என் கேள்விக்குக் காத்திராமல் "அஞ்சு" என்றான்.

அள்ளிய இருவரில் ஒருவன் நான்கு வாரத்தில் பாதி நாட்கள் வரவில்லை. மற்றவள் வீட்டில் வேறு மொழி பேசும் சிறுமி. அவளைப் பற்றி எங்களுக்கு ஐயம் எழவே, அவள் வீட்டு மொழி தெரிந்த ஒரு பணியாளரை அழைத்து அதே கேள்வியை அந்த மொழியில் கேட்கச் சொன்னோம். ஐந்தையும் கொடுத்தாள், கேட்காமலே ஏழையும் எண்ணிக் காட்டினாள். முதல் முறையும் இரண்டாம் முறையும் அவள் அள்ளிக் கொடுத்தது எண் தெரியாததால் அன்று. எங்கள் மொழியின் எண் சொல் அவளுக்கு இன்னும் பிடிபடாததால்.

இந்த எண்களைக் கொண்டு பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு வகுப்பு இல்லை. இந்த வயதில் நான்கு வாரம் என்பது தானாகவே வளர்வதற்கும் போதிய காலம். கேட்டவர்களும் கற்பித்தவர்களும் நாங்களே. கேள்வியே இரண்டாம் முறை பழகிப்போயிருக்கவும் கூடும்.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

கிண்ணத்தைக் கதைக்கு முன்பே வைத்துக் கேட்டிருக்க வேண்டும். முதல் கைவேலைக்குப் பிறகு கேட்டதால், அந்தக் கைவேலை ஏதேனும் தந்ததா, ஒன்றுமே தரவில்லையா என்பதை இன்று எங்களால் சொல்ல முடியாது. வீட்டு மொழி வேறாக உள்ள குழந்தைகளிடம் இரு மொழியிலும் முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும்.

விதைகள் மூன்று வாரமும் ஒட்டாமலே புழங்கட்டும். பசை கடைசி நாளுக்கு. வெட்டும் வேலையிலும் ஒரு பகுதியைக் குழந்தைகளிடமே விடலாம் என்று இப்போது தோன்றுகிறது. நீளப்பட்டையைக் கட்டம் கட்டமாக நறுக்குவது மழுங்கிய முனைக் கத்தரிக்கோலால் அவர்களுக்கு இயலக்கூடிய வேலை. எத்தனை வேண்டும் என்று கேட்டு நறுக்கினால் அதுவும் எண்ணிக்கையே. நடக்க விரும்பாத அந்தச் சிறுவனைத் தட்டருகே கடைக்காரனாக உட்கார வைத்திருந்தால், சீட்டைப் படித்து விதை எடுத்துக் கொடுக்கும் வேலை அவனுக்குக் கிடைத்திருக்கும். அது அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. குழந்தைகள் கோடும் வட்டமும் திரும்பிய இலக்கமும் எழுதிய துண்டுச்சீட்டுகளை, அந்தந்த நாளின் வெட்டுத்தாள் குப்பையோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிட்டோம். சுவரில் அணில்களும் பைகளும் இருந்தன. யார் எந்த நாளில் வரைவதிலிருந்து கோட்டுக்கும், கோட்டிலிருந்து இலக்கத்துக்கும் மாறினார்கள் என்பதைக் காட்டக்கூடிய ஒரே சான்று குப்பைக்கூடையில் போயிற்று. அடுத்த புத்தகத்துக்கு, தட்டின் பக்கத்தில் சீட்டு போட ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பின்புறம் தேதியும் குழந்தையின் பெயரும் எழுதுவது உதவி ஆசிரியையின் பொறுப்பு.